முதல் வண்டியே குட்டி க்ரூசரா? சீட் தாழ்வாக இருந்தால் போதுமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 11

அண்ணே, என் உயரம் 160 சென்டிமீட்டர். சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டியதில்லை. 250 இல்லாவிட்டால் 350 சிசியில் ஒரு க்ரூசர் (தாழ்ந்த சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து ஓட்டும் பைக்) எடுக்கலாம் என்றிருக்கிறேன். சீட் தாழ்வு, இரண்டு காலும் முழுசாகத் தரையில் படும், அதனால் கீழே விழ வாய்ப்பே இல்லை. இதைவிடப் பாதுகாப்பான முதல் வண்டி இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, இரவு

"கீழே விழ வாய்ப்பே இல்லை." இந்த வரியை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நானும் இதையேதான் சொன்னேன். வண்டி எடுத்த பதினோராம் நாள் சொன்னேன், பன்னிரண்டாம் நாள் விழுந்தேன்.

பிப்ரவரி 12

எப்படி விழுந்தேன் என்று கேட்கிறீர்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஆளில்லாத பெரிய பார்க்கிங். காய்ந்த தரை, பட்டப்பகல். வேகம் என்று சொல்ல எதுவுமே இல்லை, பக்கத்தில் ஒருவர் நடந்து வந்திருந்தால் என்னை முந்தியிருப்பார். யூ-டர்ன் அடிக்க ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்க ஒடித்தேன். பாதி திரும்பியதும் எதிர்ச்சுவர் திடீரென்று கிட்டே வந்துவிட்ட மாதிரி ஒரு பயம். வலக்கை தானாகப் போய் முன்பிரேக்கைப் பிடித்தது. இரண்டே விரல்தான். முன்சக்கரம் அப்படியே நின்றது, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது.

என் இடது கால் தரையில்தான் இருந்தது, முழுப்பாதமும். இருந்து என்ன பிரயோஜனம்? வண்டி ஏறத்தாழ 150 கிலோ. கொஞ்சம் சாயும்வரை தொடையால் தாங்கலாம், அதற்கு மேல் போனால் மனுஷன் தாங்குகிற சமாச்சாரம் இல்லை. வண்டியை நான் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். உண்மையில் வண்டிதான் என்னை நிதானமாகத் தரைக்கு இறக்கி வைத்தது. கிளட்ச் லீவரின் நுனியில் ஓர் உருண்டை இருக்குமே, அது ஒடிந்து நான்கடி தள்ளி உருண்டுபோய் நின்றது. டேங்க் மூடி ஓரமாகப் பெட்ரோல் வாடை. அடி எதுவும் இல்லை. யாராவது பார்த்தார்களா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு சக்கர வண்டி மெதுவாகப் போகும்போது விழாமல் இருப்பதற்குக் காரணம், அது சாய்கிற பக்கத்துக்கே சக்கரம் உருண்டுபோய் முட்டுக் கொடுப்பதுதான். ஹேண்டிலை ஒடித்த நிலையில் முன்பிரேக்கைப் பிடித்தால் உருளுவது நின்றுவிடுகிறது, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்ஃபோர்க்கும் அமுங்குகிறது, எடை மொத்தமும் உள்பக்கமாக இறங்குகிறது. சீட் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் இது மாறாது. நிற்கிற வண்டிக்குத்தான் கால். நகர்கிற வண்டிக்குக் கால் எதுவும் செய்யாது.

பிப்ரவரி 12, மறுபடியும்

ஏபிஎஸ் இருந்தால் தப்பித்திருப்பீர்களே என்று ஒருவர். இல்லை. ஓடுகிற வேகத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்ப்பது அதன் வேலை. நடை வேகத்தில் அது கண்டுகொள்ளாது. ஏபிஎஸ் இருக்கிற வண்டியாகவே எடுங்கள், ஆனால் அதற்குக் காரணம் வேறு.

பிப்ரவரி 14

எதில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நிறுவனங்களே கொடுக்கும் சீட் உயரக் கணக்கை முதலில் பார்ப்போம். ஹோண்டா ரெபெல் 500 க்கு 690 மில்லிமீட்டர். கவாசாகி வல்கன் எஸ் 705. 2023 இல் புதிதாக வந்த கவாசாகி எலிமினேட்டர் 735. பஜாஜ் அவெஞ்சர் 220 க்கு 737. ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 க்கு 765.

இந்த வரிசையைப் பார்த்துவிட்டு "தாழ்வு எதுவோ அது எனக்கு" என்று முடிவெடுக்கத் தோன்றும். எடையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், கதை மாறும். அவெஞ்சர் 220 ஏறத்தாழ 163 கிலோ. வல்கன் எஸ் 220 கிலோவைத் தாண்டும். சீட்டில் 32 மில்லிமீட்டர் மிச்சம், இரண்டு விரல் அகலம். அதற்குப் பதிலாகப் பின்னால் ஓர் ஆளை நிரந்தரமாக ஏற்றிக்கொண்ட மாதிரி எடை. (வல்கன் 649 சிசி, அதைக் குட்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சீட் உயரத்தை மட்டும் பார்த்து அதை முதல் வண்டியாக எடுக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் சேர்த்தேன்.)

பிப்ரவரி 18

சீட் உயரத்தைப் பற்றி எழுதிவிட்டு அகலத்தை விட்டுவிட்டேன். டேங்க் ஒட்டுகிற இடத்தில் சீட் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குத் தொடை விரியும், கால் எட்டுவது குறையும். 765 இல் இடுப்பு ஒடுங்கிய ஒரு சீட்டும் 735 இல் பாய் விரித்த மாதிரி ஒரு சீட்டும் தரைக்கு ஒரே தூரமாக அமையலாம். நீங்கள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்குவது இன்னொரு கணக்கு. அது உங்கள் எடையைப் பொறுத்தது, காகிதத்தில் இருக்காது.

அதனால் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒன்று செய்யுங்கள். ஓட்டும்போது போடப்போகிற அதே ஷூவைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். சைட் ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்துங்கள். அப்புறம் உட்கார்ந்தபடியே காலால் உந்தி ஐந்தடி பின்னால் தள்ளுங்கள். இந்த வண்டிகளுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது, சரிவில் மூக்கை விட்டு நிறுத்திவிட்டால் நீங்கள்தான் ரிவர்ஸ் கியர். தள்ள முடியவில்லை என்றால் கால் முழுசாகப் பட்டாலும் அந்த வண்டி உங்களுக்குப் பெரிது.

பிப்ரவரி 25

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

க்ரூசரில் கால் வைக்கும் இடம் முன்னால் தள்ளி இருக்கும். சோபாவில் சாய்ந்த மாதிரி சொகுசு. புகைப்படத்திலும் அழகு. ஆனால் சாதாரண வண்டியில் ஃபுட்ரெஸ்ட் உடம்புக்கு நேர் கீழே இருப்பதால் பள்ளம் வரும்போது காலை ஊன்றிச் சீட்டிலிருந்து லேசாக எழும்பிக்கொள்ளலாம், முழங்கால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கால் முன்னால் நீட்டியிருந்தால் எழும்ப முடியாது. உங்கள் முழு எடையும் முதுகெலும்பின் அடியில். பள்ளத்தின் அடி நேராக அங்கேதான் போய்ச் சேரும். போதாக்குறைக்குப் பின்பக்க ஸ்பிரிங் ஓடுகிற தூரமும் இவற்றில் பெரும்பாலும் குறைவு, சீட்டைத் தாழ்த்தினார்கள் என்றால் எங்கிருந்தோ பிடுங்கித்தான் தாழ்த்தியிருப்பார்கள்.

எல்லாவற்றிலும் இப்படியில்லை. ரெபெலில் கால் நடுவில்தான். வல்கன் எஸ்ஸில் ஆளுக்குத் தகுந்தபடி ஃபுட்ரெஸ்ட்டை முன்னும் பின்னும் மாற்றிப் பொருத்தவே ஏற்பாடு உண்டு. மீட்டியாரில் கொஞ்சம் முன்னால். ஆகவே "க்ரூசர்" என்ற பெயரைப் பார்க்காமல் முழங்கால் எத்தனை மடிகிறது என்று பாருங்கள். முழங்கால் மடங்காமல் கால் நீண்டே கிடந்தால் முதல் வண்டியாக வேண்டாம் என்பேன்.

மார்ச் 2

250 போதுமா, 350 வேண்டுமா, 500 எடுத்துவிடலாமா. இந்த இழையில் இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறீர்கள், எனக்கு இதில்தான் ஆர்வம் குறைவு.

சிசி என்பது ஆளை மிரட்டுகிற எண், அவ்வளவுதான். சுசுகி சாவேஜ் என்று ஒன்று 1986 இல் வந்தது, 652 சிசி, ஆனால் ஒரே சிலிண்டர், பெல்ட்டில் ஓடும், சாதுவான வண்டி. 1985 இல் வந்த பழைய ரெபெல் 250 உண்மையில் 234 சிசிதான், ஓட்டப் பழகுகிறவர்கள் அதில்தான் தலைமுறை தலைமுறையாக விழுந்து எழுந்தார்கள். யமஹா விராகோ 250 இல் 249 சிசிக்கே வி வடிவத்தில் இரண்டு சிலிண்டர். அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவர் கோட்டைப் போட்டுக்கொண்ட சின்னப் பையன் ஞாபகம்தான் வரும், அன்போடு சொல்கிறேன்.

புதிதாக ஓட்டுபவருக்கு எது உதவும் என்றால், என்ஜின் கீழ்ச்சுற்றிலேயே, அதாவது மெதுவாகச் சுற்றும்போதே, இழுக்கிறதா என்பதுதான். மீட்டியார் 350 இல் 20.2 குதிரைத்திறன். கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் அதன் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. கிளட்ச்சைக் கொஞ்சம் அவசரப்பட்டு விட்டாலும் அப்படிப்பட்ட என்ஜின் பொறுத்துக்கொண்டு நகரும். மேல்சுற்றில் மட்டும் உயிர் பெறும் என்ஜின் நடுச்சந்திப்பில் ஆஃப் ஆகி மானத்தை வாங்கும்.

மார்ச் 3

திருத்தம். நேற்று இன்னொரு இழையில் "க்ரூசர் என்றாலே நீளம், யூ-டர்ன் அடிக்கக் கஷ்டம்" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நியாயம்தான். ரெபெல் 500, அவெஞ்சர் இரண்டுக்கும் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 1490 மில்லிமீட்டர், எலிமினேட்டருக்கு 1520. ஆனால் மீட்டியாருக்கு 1400, சாதாரண வண்டிகளை விடப் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டியது என் தப்பு.

மார்ச் 10

தம்பி, வண்டி எடுக்கும் முன்பே இதற்கு ஓர் இடம் பார்த்து வையுங்கள். ஆளில்லாத, சமமான தரை. இருபது அடி தூரத்தை எவ்வளவு மெதுவாகக் கடக்க முடியும் என்று உங்களுக்குள்ளேயே போட்டி. கால் தரையைத் தொட்டால் அவுட்.

என் முதல் முயற்சி ஆறு வினாடி. அவ்வளவு மெதுவாகப் போனதாகவே தோன்றவில்லை, ஆனால் உள்ளங்கை வியர்த்துவிட்டது. பிடிபட்டது மூன்றாவது வாரம். ஆக்சிலரேட்டரை லேசாகத் திறந்து அப்படியே வைத்துவிட வேண்டும், அதைத் தொடவே கூடாது. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இடக்கையில், கிளட்ச் பாதி பிடிக்கிற அந்த ஒரு விரல்கடை தூரத்துக்குள். வலக்கால் பின்பிரேக்கை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். என்ஜின் இழுக்க, பிரேக் பிடிக்க, நடுவில் வண்டி விறைப்பாக நிற்கும். பட்டக் கயிறு இரண்டு பக்கமும் இழுபட்டால் நேராக நிற்குமே, அந்த மாதிரி.

அடுத்தது கண். திரும்பும்போது முன்சக்கரத்தைப் பார்த்தால் முன்சக்கரத்துக்கே போய்ச் சேருவீர்கள். போகவேண்டிய இடத்தை, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். நான் சுவரைப் பார்த்தேன், மீதிக் கதை பிப்ரவரி 12 இல் இருக்கிறது.

மார்ச் 17

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிற வேகத்தில் வலப்பக்கம் திரும்ப வலக் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும் என்று நான் சொன்னதை ஒருவர் நம்ப மறுக்கிறார். தள்ளினால் சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் போகும், வண்டி வலப்பக்கம் சாயும், சாய்ந்ததும் அந்தப் பக்கமே வளையும். சைக்கிளிலும் நீங்கள் இதைத்தான் செய்கிறீர்கள், தெரியாமல் செய்கிறீர்கள். விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் தொழிலில் இருந்தவர்கள். வில்பர் ரைட் பல பேரிடம் "இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள்" என்று கேட்டுப் பார்த்தாராம், முதல் தடவையில் சரியாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே நம்ப மறுப்பவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

க்ரூசருக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், முன்ஃபோர்க் சற்றுப் படுத்திருக்கும். ரெபெலில் 28 டிகிரி, வேகத்துக்கென்று செய்த வண்டிகளில் 24, 25 இருக்கும். படுத்த ஃபோர்க் நேர்ச்சாலையில் அசையாமல் போகும், திருப்ப நினைத்தால் கொஞ்சம் அழுத்தித் தள்ளச் சொல்லும். அகலமான ஹேண்டில்பார் இருப்பதால் அதொன்றும் பெரிய பாடில்லை.

சாய்வுக்கு மட்டும் ஓர் எல்லை உண்டு. ஃபுட்ரெஸ்ட் தாழ்வாக இருப்பதால் வளைவில் அது முதலில் தரையை உரசும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது ஏதோ கழன்று விழுந்துவிட்டது என்று ஓரம் கட்டி நிறுத்தி, வந்த வழியே நடந்துபோய்த் தேடினேன்.

மார்ச் 31

அவசரத் திருத்தம். "அண்ணன் சொன்ன மாதிரி முன்பிரேக்கைத் தொடவே மாட்டேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா சாமி, நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்ன மாதிரி தொனித்திருந்தால் குற்றம் என்னுடையது.

ஹேண்டில் ஒடிந்திருக்கும்போது, நடை வேகத்தில், முன்பிரேக் வேண்டாம். அவ்வளவுதான். நேராகப் போகும்போது உங்களை நிறுத்துவது முன்பிரேக்தான். பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்கு ஓடுகிறது, அந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் கூடுகிறது. க்ரூசர் நீளமும் தாழ்வுமாக இருப்பதால் மற்ற வண்டிகளைவிடப் பின்பிரேக்குக்கு இதில் கொஞ்சம் மதிப்பு அதிகம், இருந்தாலும் பாதிக்கு மேல் வேலை முன்னால்தான். வெடுக்கென்று பிடிக்காமல், முதலில் தொட்டு, எடை முன்னால் இறங்கியதும் இறுக்குங்கள். இதையும் அந்த ஆளில்லாத இடத்திலேயே பழகுங்கள், நிஜமாகத் தேவைப்படும் அன்று முதல் தடவையாகச் செய்யக்கூடாது.

இது விளையாட்டில்லை. ஹர்ட் அறிக்கை என்று 1981 இல் வந்த பழைய ஆய்வு ஒன்று உண்டு, அமெரிக்காவில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். முக்கால்வாசி விபத்துகள் இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில் குறுக்கே வந்தது அந்த இன்னொரு வாகனம். தப்பு யாருடையதாக இருந்தாலும் பிரேக் பிடிக்க வேண்டியது நீங்கள்தான்.

ஏப்ரல் 7

பழைய வண்டியா, புதுசா? முதல் வண்டி பழசாக இருக்கட்டும். எப்படியும் ஒருமுறை கீழே போடுவீர்கள், புது டேங்க்கில் விழும் முதல் கீறல் மனதில் விழும் கீறல்.

பார்க்கும்போது இரண்டு பக்க லீவர் நுனி, கைப்பிடி முனை, ஃபுட்ரெஸ்ட் முனை. வண்டி விழுந்த கதையெல்லாம் அங்கே எழுதியிருக்கும், விற்பவர் சொல்லவேண்டியதில்லை. முன்ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் விரலை ஓட்டுங்கள், எண்ணெய் ஒட்டினால் சீல் போய்விட்டது. டயரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017 இன் 23 ஆவது வாரம் செய்தது. பட்டன் எல்லாம் புதுசு மாதிரி தெரிந்தாலும் ரப்பர் கட்டையாகிப் போயிருக்கலாம். க்ரூசர்களை ஆசைக்கு வாங்கி ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர்கள் அதிகம், அதனால் "கிலோமீட்டர் ரொம்பக் கம்மி" என்று சொன்னால் டயரின் வயதைக் கூடுதலாகப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் குளிர்ந்த என்ஜினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாகி நின்றால் எதையோ மறைக்கிறார்கள்.

ஸ்போக்ஸ் சக்கரம் அழகு. பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும், பஞ்சரானால் காற்று சட்டென்று போகும். நான் அழகைத்தான் எடுத்தேன். புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை.

ஏப்ரல் 21

இந்த இழையை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். சீட் தாழ்வை ஏதோ ஏமாற்று வேலை மாதிரி எழுதியிருக்கிறேன். அது முழு நியாயமில்லை.

நேற்று நண்பனின் உயரமான வண்டி ஒன்றில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் கால்விரல் நுனிதான் பட்டது. இத்தனை வருஷம் ஓட்டியவன், நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மெதுவாகத் திரும்பும் பழக்கத்தை ஒரு தடவை செய்து பார் என்று எனக்கு நானே சொன்னபோது, மனம் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. அந்தப் பார்க்கிங்கில் விழுந்த மறுநாளே நான் மறுபடி போய் நூறு தடவை யூ-டர்ன் அடித்ததற்குக் காரணம் தாழ்ந்த சீட்தான். விழாமல் அது காப்பாற்றவில்லை, ஆனால் திரும்ப ஏறுகிற தைரியம் கொடுத்தது. பிப்ரவரியில் உங்களைக் கிண்டல் செய்ததில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். பாதியை மட்டும்.

மே 5

தம்பி எழுதியிருக்கிறார்: ஐந்து வண்டியில் உட்கார்ந்து, ஷூவோடு பின்னால் தள்ளிப் பார்த்து, கடைசியில் 160 கிலோ சொச்சத்தில் பழைய வண்டி ஒன்றை எடுத்திருக்கிறார். முழங்கால் நன்றாக மடிகிறதாம். மூன்றாம் நாள் விழுந்துவிட்டாராம், யூ-டர்னில், முன்பிரேக். "எல்லாம் படித்திருந்தும் கை தானாகப் போய்விட்டது அண்ணே." எனக்கும் அப்படித்தான் போனது. பின்பிரேக்கில் கால் இருக்கும்போது வலக்கையின் நான்கு விரலையும் கைப்பிடியைச் சுற்றி மடக்கி வைத்துக்கொள்ளுங்கள், லீவர் மேல் ஒரு விரல்கூட வேண்டாம். மெதுவாகப் பழகும்போது மட்டும்.

தூக்குவதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். முதலில் என்ஜினை நிறுத்துங்கள். கியரில் இருக்கட்டும், உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைட் ஸ்டாண்டை வெளியே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். ஹேண்டிலைத் தரைப்பக்கமாக முழுக்க ஒடியுங்கள். வண்டிக்கு முதுகு காட்டி, சீட் ஓரத்தில் பின்புறத்தை அண்டக்கொடுத்து, ஒரு கை கைப்பிடியில், மறு கை ஃபிரேமில். முதுகை வளைக்காமல் காலால் உந்தி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள்.

மே 6

கிளட்ச் லீவர் உருண்டை ஒடிந்துவிட்டது, புதுசு போடவேண்டுமா என்று கேட்கிறார். ஒடிந்த முனையை அரம் போட்டு மழுக்கிவிடுங்கள், கையைக் கிழிக்காமல் இருந்தால் போதும். இன்னொரு தடவை போட்ட பிறகு சேர்த்து மாற்றலாம். என் வண்டியில் இன்னும் மொட்டைதான்.